கடித உறை முதல் வி.பி.என். வரை



பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்த குடும்பங்களில் கடிதத்தைப் பற்றிய கதை இல்லாத குடும்பம் இராது. எங்கள் பாட்டியார் எங்களுக்குச் சொன்ன கதை ஒன்றைக் கூறி இன்றைய உரையைத் தொடங்குகிறோம்.

1950களின் பிற்பகுதி அது. பாட்டியார் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். ஊரிலிருந்து அவருடைய தம்பி எழுதும் கடிதம் முதலில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே ஒரு கை அதை வாங்கும். இன்னொரு கை அதைப் பிரட்டுக் களத்துக்குக் கொண்டு வரும். பாட்டியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே, மாலையில் லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து, படிக்கத் தெரிந்த ஒருவர் அதை உரக்கப் படிப்பார். சுற்றிலும் பத்துப் பேர் நின்று கேட்பார்கள்.

ஒருமுறை, பாட்டியார் சிறுகச் சிறுக அனுப்பிய பணத்தைக் கொண்டு கொஞ்சம் நிலம் வாங்கிவிட்டதாகத் தம்பி எழுதியிருந்தார். மறுநாளே மூன்று பேர் கடன் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், சீர் கூடுதலாக வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். பேசி முடித்த சம்பந்தம் அதனால் முறிந்தே போயிற்று. "எழுதினது என் தம்பி எனக்கு, கேட்டது ஊர் முழுக்க" என்று பாட்டியார் அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் கம்மும்.

அதன் பிறகு அவர் ஒரு வழி கண்டார். ஊருக்குப் புறப்பட்ட உறவினர் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். "பணம் கைக்கு வந்தால், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதச் சொல். நிலத்தைப் பற்றி நல்ல சேதி என்றால், மல்லிகை பூத்தது என்று எழுதச் சொல்." அந்த உறவினர், 1973 வரை சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' கப்பலில் ஏறிப் போனார். அவர் ஊர் சேர்ந்து, செய்தியைச் சொல்லி, "சரி" என்று பதில் வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் கடிதத்தை யார் படித்தாலும் பாட்டியாருக்குக் கவலை இல்லை.

நேயர்களே, எழுத்தறியாத அந்த மூதாட்டி செய்த ஏற்பாட்டுக்குள் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, நாம் அனுப்பும் செய்தி பலர் கைகளைக் கடந்துதான் போகிறது. இரண்டு, அதைக் காக்க இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு குறிமொழி வேண்டும். மூன்று, அந்தக் குறிமொழியைப் பேசி வைத்துக்கொள்ளக் காலம் செலவாகும். இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் வி.பி.என். என்னும் ஒரு செயலி இருக்கிறதே, அதன் வரலாறும் இந்த மூன்று உண்மைகளின் வரலாறுதான். அது என்ன செய்கிறது, என்ன செய்யாது, அதனால் இணையத்தின் வேகம் ஏன் குறைகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

குறிமொழி மிகப் பழைய கலை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உரோமாபுரியை ஆண்ட ஜூலியஸ் சீசர், தம் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு மூன்றாவதாக வரும் எழுத்தை எழுதினார். நம்முடைய மெய்யெழுத்து வரிசையில் அதைச் செய்து பாருங்கள். 'க'வுக்கு மூன்று தள்ளி 'ஞ', 'ட'வுக்கு 'ந', 'ல்'லுக்கு 'ள்'. ஆகக் 'கடல்' என்னும் சொல் 'ஞநள்' என்று மாறிவிடும். பார்ப்பவனுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் எத்தனை எழுத்துத் தள்ளிப் போட்டார்கள் என்ற ஒரே விவரம் தெரிந்துவிட்டால் எல்லாம் வெட்ட வெளிச்சம். அந்த விவரத்தையே நாம் 'சாவி' என்கிறோம். பூட்டு எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியலாம். சாவிதான் கைமாறக் கூடாது.

பலமில்லாத பூட்டை நம்புவது, பூட்டே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது. இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் அரசியாயிருந்த மேரி, இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டிருந்தார். 1586ஆம் ஆண்டில், அவருடைய ஆதரவாளர்கள் பீர்ப் பீப்பாயில் ஒளித்துக் கடிதம் அனுப்பினார்கள். அவரும் குறிமொழியில் பதில் எழுதினார். குறிமொழி இருக்கிறதே என்ற துணிவில், எலிசபெத் அரசியைக் கொல்லும் சதியைப் பற்றியே அக்கடிதங்களில் பேசப்பட்டது. ஆனால் பீப்பாய் வழியே அரசாங்க ஒற்றர்களின் கண்காணிப்பில் இருந்தது. தாமஸ் ஃபெலிப்ஸ் என்பவர் ஒவ்வொரு கடிதத்தையும் அவிழ்த்துப் படித்தார். அந்தக் கடிதங்களே சாட்சியாகி, 1587ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேரியின் தலை துண்டிக்கப்பட்டது. வெறுந்தாளில் எழுதியிருந்தால் அவர் இவ்வளவு துணிந்து எழுதியிருக்க மாட்டார்.

18ஆம் நூற்றாண்டில், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 'கறுப்பு அறை' என்று பெயர் பெற்ற ஓர் அலுவலகம் இருந்தது. அயல்நாட்டுத் தூதர்களுக்கு வரும் தபால் பைகள் காலை 7 மணிக்கு அங்கே கொண்டு வரப்படும். முத்திரை அரக்கை உருக்கித் திறந்து, படித்து, படியெடுத்து, மீண்டும் ஒட்டி, 9.30 மணிக்குள் தபால் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாமதமானால் சந்தேகம் வரும் அல்லவா? ஆகவே காப்பவன் மட்டுமன்று, ஒற்றுப் பார்ப்பவனும் நேரத்தோடு போராடினான். இரகசியத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இழுபறி அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு தந்தி வந்தது. 1844ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடியது. நம் பக்கத்தில், 1870-71ஆம் ஆண்டுகளில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் கடலடிக் கம்பி இணைத்தது. கப்பலில் நாட்கணக்கில் வந்த செய்தி, மணிக்கணக்கில் வரலாயிற்று. ஆனால் தந்தியை அனுப்புகிறவர் அதைப் படித்தாக வேண்டும். வாங்கி எழுதுகிறவரும் படித்தாக வேண்டும். கடிதத்துக்காவது ஓர் உறை இருந்தது. தந்திக்கு அதுவும் இல்லை. வணிகர்கள் சங்கேதப் புத்தகங்களை அச்சிட்டு வைத்துக்கொண்டார்கள். ஒரு நீண்ட வாக்கியத்துக்கு ஒரே சங்கேதச் சொல். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய காலமாதலால் பணமும் மிஞ்சியது. பார்ப்பவனுக்குப் பொருளும் எளிதில் விளங்கவில்லை. ஆனால் இரு முனையிலும் புத்தகத்தைப் புரட்டிச் சொல் தேட நேரம் பிடித்தது.

வானொலி வந்ததும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. காற்றில் விடும் செய்தியை எதிரியும் நண்பனும் ஒருங்கே கேட்கலாம். ஆகவே ஜெர்மானியர்கள் 'எனிக்மா' என்னும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் விசையை அழுத்துவார். ஒளிரும் எழுத்தை மற்றொருவர் பார்த்து எழுதிக்கொள்வார். பிறகு அதை மோர்ஸில் அனுப்புவார்கள். எழுத்தெழுத்தாக நடந்த வேலை அது. போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி 1932ஆம் ஆண்டிலேயே அதன் உள்ளமைப்பைக் கணித்துவிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர்.

இனி இணையத்துக்கு வருவோம். 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அமெரிக்காவில் 'ஆர்ப்பாநெட்' என்னும் கணினிப் பிணையத்தில் முதல் செய்தி அனுப்பப்பட்டது. அந்தப் பிணையத்தின் வழித்தோன்றலே இன்றைய இணையம். இதில் செய்தி முழுமையாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இருக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு கணினியும் அம்முகவரியைப் பார்த்து அடுத்த கணினிக்குத் தள்ளிவிடும். தொடக்கத்தில் அந்தப் பொட்டலங்களுக்கு மூடிய உறை கிடையாது. தபால் அட்டையைப் போல, கைமாற்றுகிறவர் யாரும் படிக்கலாம். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் சிலருக்காக உண்டான அமைப்பில் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டில் 'ஜாரிங்' இணையச் சேவை தொடங்கியது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக் கூடங்களையும் தாண்டி வங்கியும் வணிகமும் வீடும் இணையத்துக்குள் வந்த பிறகுதான், தபால் அட்டையில் சம்பளக் கணக்கை எழுதலாமா என்ற கேள்வி எழுந்தது.

பூட்டலாம், ஆனால் சாவியை எப்படிக் கொடுப்பது? பாட்டியார் 'ரஜுலா' கப்பலில் ஆள் அனுப்பி மூன்று மாதம் காத்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு கணினிகள் யாரை அனுப்பும்? இந்தச் சிக்கலுக்கு 1976ஆம் ஆண்டில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் வழி காட்டினார்கள். அதை ஒரு சாயக் கதையாகச் சொல்லலாம். இருவரிடமும் ஒரே மஞ்சள் சாயம் இருக்கிறது; அது ஊரறிந்தது. ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே தெரிந்த வேறொரு சாயத்தை அதில் கலந்து, கலவையை மற்றவருக்கு அனுப்புகிறார்கள். வந்த கலவையில் தம் இரகசியச் சாயத்தை மீண்டும் கலக்கிறார்கள். இப்போது இருவர் கையிலும் ஒரே நிறம். வழியில் நின்று பார்த்தவன் இரண்டு கலவைகளைப் பார்த்தான். ஆனால் கலந்த சாயத்தைப் பிரித்தெடுக்க அவனால் முடியாது. சாயத்துக்குப் பதிலாக மிகப் பெரிய எண்களை வைத்து இதைச் செய்தார்கள். மூன்று மாத வேலை, இன்று ஒரு விநாடிக்குள் முடிகிறது.

சாவிக்கு வழி கிடைத்ததும், பொட்டலங்களையே பூட்டி அனுப்பும் முறைகள் 1990களில் தோன்றின. 1995ஆம் ஆண்டில் 'ஐபிசெக்' என்னும் நெறிமுறை வெளிவந்தது. 1996ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் உள்ளிட்டோர் 'பி.பி.டி.பி.' என்னும் முறையை உருவாக்கினார்கள். வெளியூரில் இருக்கும் ஊழியர், பொது இணையத்தின் வழியாகவே தம் கம்பெனியின் உள்பிணையத்துக்குப் பாதுகாப்பாக வருவதே அப்போதைய நோக்கம். பொதுச் சாலையில் தனக்கென்று ஒரு மூடிய பாதை அமைப்பது போன்றதாகையால் 'மெய்நிகர் தனியார் பிணையம்' என்று பெயர் பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே வி.பி.என். ஆனால் பி.பி.டி.பி. முறையில் பெரும் ஓட்டைகள் இருப்பதை 1998ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மேரி அரசியின் கதை நினைவுக்கு வருகிறதல்லவா?

2001ஆம் ஆண்டில் ஜேம்ஸ் யோனன் என்பவர் 'ஓப்பன் வி.பி.என்.' என்னும் மென்பொருளை வெளியிட்டார். மத்திய ஆசியாவில் பயணம் செய்தபோது, எத்தனையோ அறியாத நாடுகளின் கம்பிகள் வழியே தம் அலுவலகத் தகவல் போகிறதே என்று அவருக்கு வந்த கவலைதான் அதற்கு வித்திட்டது. அமெரிக்க உளவு அமைப்பு இணையத்தில் எவ்வளவு பரவலாகத் தகவல் திரட்டியது என்பதை 2013ஆம் ஆண்டில் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய பிறகு, கம்பெனி ஊழியர் மட்டுமன்றிப் பொதுமக்களும் வி.பி.என். தேடத் தொடங்கினார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளியது. உறைக்குள் உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசி, போக வேண்டிய பொட்டலத்தைப் பூட்டி, வேறோர் உறைக்குள் போடுகிறது. வெளியுறையில் பெறுநர் முகவரியாக வி.பி.என். நிறுவனத்தின் சர்வர் முகவரி மட்டுமே இருக்கும். பட்டணத்து ஒட்டுக்கடையின் வைஃபையை நீங்கள் பயன்படுத்தினால், கடைக்காரருக்கோ, அதே வைஃபையில் ஒட்டுப் பார்க்கும் ஒருவனுக்கோ, தொலைபேசி நிறுவனத்துக்கோ அந்த வெளியுறைதான் தெரியும். சர்வர் அந்த உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை உரிய இடத்துக்கு அனுப்புகிறது. அந்த இடத்தில் இருப்பவருக்கு உங்கள் இணைய முகவரி தெரியாது. சர்வரின் முகவரியே தெரியும். பதிலும் இதே வழியில் திரும்பி வருகிறது.

சரி, வேகம் ஏன் குறைகிறது? இதற்கு எங்கள் அனுபவம் ஒன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசிக்கு மாறின. எங்கள் மாணவி ஒருத்தி தினமும் செம்பனைக் காட்டு மேட்டில் ஏறி நின்றுதான் பாடம் கேட்பாள். லயத்தில் சிக்னல் கிடைக்காது. மேட்டிலும் ஒரு வாரமாகப் பாடம் நின்று நின்று வந்தது. "சார், நான் பரீட்சையில பின்தங்கிடுவேனா?" என்று அவள் கேட்ட குரல் இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது. பிறகுதான் தெரிந்தது: அவளுடைய அண்ணன் "பாதுகாப்புக்கு நல்லது" என்று நண்பர் சொன்னதைக் கேட்டு, இலவச வி.பி.என். செயலி ஒன்றைப் போட்டிருந்தான். அதன் சர்வர் ஐரோப்பாவில் இருந்தது. அதை நிறுத்தியதும் பாடம் ஓடியது.

இதில் மாயம் ஏதும் இல்லை, கணக்குத்தான். ஒளியிழைக் கம்பியில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்லும். கோலாலம்பூருக்கும் லண்டனுக்கும் நேர்தூரம் ஏறக்குறைய 10,500 கிலோமீட்டர். பாடம் இருப்பது கோலாலம்பூரில், வி.பி.என். சர்வர் இருப்பது லண்டனில் என்றால், கேள்வி லண்டனுக்குப் போய், அங்கிருந்து கோலாலம்பூருக்கு வந்து, பதில் மீண்டும் லண்டனுக்குப் போய், பிறகு நம்மிடம் வரும். நான்கு நடை, 42,000 கிலோமீட்டர். அதற்கு 0.21 விநாடி ஆகும். கடலடிக் கம்பி நேர்கோட்டில் போகாததால் உண்மையில் இன்னும் கூடும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பத்து முறை போய்வர நேர்ந்தால், இரண்டு விநாடிக்கு மேல் வெறும் பயணத்திலேயே போய்விடும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் கடிதத்தைச் சீமைக்கு அனுப்பி வரவழைப்பது போலத்தான். அதே சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், நான்கு நடைக்கும் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. எந்தத் தொழில்நுட்பமும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. ஆனால் அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் கூட்டம். இலவசச் சேவையில் ஒரே சர்வரில் ஏராளமானோர் நெருக்குவார்கள். ஒரே குழாயடியில் முழு லயமும் குடத்தோடு நின்றால் தண்ணீர் எப்படிக் கிடைக்கும்? எங்கள் மாணவியின் பாடம் நின்று நின்று வந்ததற்குத் தூரத்தோடு இதுவும் சேர்ந்திருக்கும். மூன்றாவது காரணம் உறையின் எடை. 'வயர்கார்ட்' என்னும் இன்றைய முறையில், 1,500 பைட் அளவுள்ள பொட்டலத்தில் வெளியுறைக்கு 60 பைட் போகிறது. அதாவது நூற்றுக்கு நான்கு பங்கு. இது பெரிய இழப்பன்று. நான்காவது காரணம், பூட்டித் திறக்கும் உழைப்பு.

இந்த நான்காவது காரணம் ஒரு காலத்தில் மிகப் பெரிதாக இருந்தது. அதன் வரலாறும் சுவையானது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் 'டெஸ்' என்னும் பூட்டு முறையைப் பொதுத்தரமாக ஏற்றது. கணினிகளின் வலிமை வளர வளர அந்தப் பூட்டு பலமிழந்தது. 1998ஆம் ஆண்டில் அதற்கென்றே செய்த ஓர் இயந்திரம் 56 மணி நேரத்தில் அதன் சாவியைக் கண்டுபிடித்துவிட்டது. அதே பூட்டை மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். பலம் கூடியது, வேகம் குறைந்தது. ஆகவே புதிய பூட்டுக்கு உலகளாவிய போட்டி நடத்தி, பெல்ஜிய நாட்டவரான யோன் டேமன், வின்சென்ட் ரெய்மன் ஆகிய இருவரின் முறையை 'ஏ.இ.எஸ்.' என்னும் பெயரில் 2001ஆம் ஆண்டில் தரமாக்கினார்கள். அது முந்தியதைவிடப் பலமானது, விரைவானதும்கூட. 2010ஆம் ஆண்டு முதல் அந்தப் பூட்டுக்கென்றே தனிக் கட்டளைகள் கணினிச் சில்லுகளில் பரவலாக இடம்பெறத் தொடங்கின. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய 'வயர்கார்ட்', லினக்ஸ் இயங்குதளத்தோடு சேர்க்கப்பட்டது. முந்திய முறைகளின் நிரல்கள் மிகப் பெரியவை. இதன் மையப் பகுதியோ சுமார் 4,000 வரிகளே. சிறிதாக இருந்தால் ஓட்டையைத் தேடிப் பார்ப்பதும் எளிது, ஓடுவதும் விரைவு. பூட்டுவதற்காகும் நேரம் இன்றைய கைப்பேசியில் பெரும்பாலும் நமக்குத் தெரிவதேயில்லை. மிஞ்சியிருப்பது தூரமும் கூட்டமும்தான்.

இவ்வளவு கேட்ட பிறகு, "அப்படியானால் நல்ல வி.பி.என். ஒன்றைப் போட்டுக்கொண்டால் எல்லா ஆபத்தும் தீர்ந்தது" என்று நீங்கள் எண்ணலாம். அவசரப்பட வேண்டாம். இந்த உரையின் முக்கியமான இடம் இதுதான்.

பாட்டியாரின் ஏற்பாட்டை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். அஞ்சடியில் நின்ற பத்துப் பேருக்கு இரகசியம் தெரியாமல் போயிற்று. ஆனால் ஒருவருக்கு எல்லாம் தெரியும்: சேதி கொண்டு போன அந்த உறவினருக்கு. கிணறு என்றால் என்ன, மல்லிகை என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். இரகசியம் காற்றில் மறைந்துவிடவில்லை. பலர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறியது, அவ்வளவுதான். வி.பி.என். செய்வதும் அதுவே. கடைக்காரரின் கண்ணையும் தொலைபேசி நிறுவனத்தின் கண்ணையும் மறைத்து, நீங்கள் எந்தெந்த வாசலுக்குப் போகிறீர்கள் என்ற விவரத்தை வி.பி.என். நிறுவனம் ஒன்றின் பார்வைக்குக் கொடுக்கிறது. அந்த நிறுவனம் எப்படிப்பட்டது?

இதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 'ஒனாவோ' என்னும் இலவச வி.பி.என். செயலியைப் பரிமாறிய நிறுவனத்தை, 2013ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் வாங்கியது. "உங்கள் தகவலைக் காக்கிறோம்" என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டவர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்கின் வணிக நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையிலிருந்து அது அகற்றப்பட்டது; 2019ஆம் ஆண்டில் சேவையே நின்றது. 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், மக்களைத் தவறாக எண்ணச் செய்ததற்காக அந்நிறுவனத்தின் கிளைகளுக்கு 20 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கூலி வாங்காமல் மூட்டை சுமப்பவன், மூட்டைக்குள் கை விடுகிறானா என்று பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இணையத்தின் தபால் அட்டைக் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. வங்கிகளும் பெரிய தளங்களும் இன்று 'எச்.டி.டி.பி.எஸ்.' என்னும் முறையில் தாமே செய்தியைப் பூட்டி அனுப்புகின்றன. ஆகவே, வி.பி.என். இல்லாவிட்டாலும் ஒட்டுக்கடை வைஃபையில் உங்கள் வங்கிக் கணக்கின் எண்களை அடுத்த மேசைக்காரர் எளிதில் படித்துவிட முடியாது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது மட்டும் தெரியக்கூடும். அந்த விவரத்தையும் மறைக்க விரும்புகிறவருக்கும், வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைய வேண்டியவருக்கும், கண்காணிப்பு மிகுந்த நாடுகளில் எழுதும் செய்தியாளருக்கும் வி.பி.என். உண்மையில் பயன்படும்.

ஆனால் நம் குடும்பங்களின் சேமிப்புக்கு இன்று வரும் ஆபத்து பெரும்பாலும் வழியில் வருவதில்லை. இரு முனைகளிலும் வருகிறது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில், நம் நாட்டின் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அது நிறுவனங்களின் பெட்டியில் வைத்திருந்த தகவல், எந்த வி.பி.என். போட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. மறுமுனை நம்முடையது. போலீஸ் அதிகாரி என்று சொல்லித் தொலைபேசியில் மிரட்டுபவனிடம் நாமே வங்கியின் டேக் எண்ணைச் சொல்லிவிட்டால், உறைக்குள் எத்தனை உறை போட்டு என்ன பயன்? கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருடன் கையில் கொடுத்த கதைதான். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே உங்கள் வங்கியையும் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். மோசடிப் பணத்தைத் தடுத்து நிறுத்துவதற்காக 2022ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்படுத்திய மையத்தின் எண் அது.

ஆகவே, நேயர்களே, உங்கள் பிள்ளை கைப்பேசியில் வி.பி.என். போட்டிருந்தால் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரிடமிருந்து எதை மறைக்க இதைப் போட்டாய்? இதை நடத்துகிறவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இதன் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது தேவையே இல்லை. இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அதை நம்பக் கூடாது. மூன்றாவதற்குப் பதில் தெரிந்தால், வேகம் ஏன் குறைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

பாட்டியார் காலமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் அவரிடம் கேட்டோம்: "பாட்டி, சேதி கொண்டுபோனவர் வெளியில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" அவர் சிரித்தார். "அதுக்குத்தான் அவரை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வருசம் அவரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள்.